கைக்குக் கட்டுப் போடலாம், மனசுக்கு?

ஆபீஸில் ஒருவர் மாடிப்படியில் சறுக்கி விழுந்து விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்துப் பேர் ஓடி வருவார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டு வருவார், இன்னொருவர் பஞ்சையும் மருந்தையும் தேடுவார், மானேஜரே எழுந்து வந்து, "வண்டி கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்!" என்று உத்தரவு போடுவார்.

அதே ஆபீஸில், ஜன்னலோரத்து மேஜையில், மூன்று வாரமாக ஓர் அம்மாள் சரியாகச் சாப்பிடாமல், யாருடனும் பேசாமல், ஒரே கணக்கை நாலு தரம் தப்பாகப் போட்டுக் கொண்டிருப்பாள். அவளிடம் ஓடி வருகிறவர்கள் யாருமில்லை. "வீட்டில் ஏதாவது தகராறாயிருக்கும், நமக்கென்ன?" என்று தாண்டிப் போய் விடுவார்கள். அவர்களெல்லாம் கல் நெஞ்சக்காரர்களா? பாவம், அப்படியொன்றுமில்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை!

ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் ஒரு தம்பதிக்கு இது பெரிய குறையாகப் பட்டது. மனைவி பெட்டி கிச்சனர், நர்ஸ் வேலையும் ஆசிரியை வேலையும் பார்த்தவர். பதினைந்து வயதிலிருந்தே மனச்சோர்வு நோய் அவரை விட்டு விட்டு வாட்டி வந்திருக்கிறது. அதை அவர் ஒளித்து வைக்கவுமில்லை. கணவர் டோனி ஜார்ம், மனநலத் துறையில் ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர். அவரும் அவருடைய சகாக்களும் நடத்திய விசாரணை ஒன்று 1997-ல் வெளியாயிற்று. மனச்சோர்வு கண்ட ஒருவரின் நிலையை விவரித்து, "இவருக்கு என்ன?" என்று ஜனங்களைக் கேட்டார்கள். அது மனச்சோர்வு என்று கண்டு சொன்னவர்கள் நூற்றுக்கு 39 பேர்தான். ஜுரம், மஞ்சள் காமாலை என்றால் தெரு முழுவதும் வைத்தியம் சொல்லும். இதற்கு மட்டும் பெயர்கூடத் தெரியவில்லை!

உடம்புக் காயத்துக்கு முதலுதவி வகுப்பு இருக்கிறதே, மனசுக்கு ஏன் ஒன்று இருக்கக் கூடாது என்று இருவரும் யோசித்தார்கள். 2000-ம் ஆண்டில் வகுப்பு ஆரம்பமாகி விட்டது. 'மனநல முதலுதவி' என்று பெயர். ஆரம்பத்தில் மொத்தமே ஒன்பது மணி நேரம்தான்.

அந்த ஒன்பது மணியில் யாரும் வைத்தியராகி விடுவதில்லை, ஆகவும் கூடாது. "உனக்கு வந்திருப்பது இன்ன வியாதி" என்று தீர்ப்புச் சொல்லுகிற உரிமை மாணவருக்குக் கிடையாது. சோர்வும் பதற்றமும் எப்படித் தலை காட்டும், பக்கத்தில் போய் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, புத்தி சொல்லாமல் எப்படிக் கேட்பது, டாக்டரிடம் போக எப்படித் தூண்டுவது, வீட்டு மனிதர்களையும் சிநேகிதர்களையும் எப்படித் துணை சேர்ப்பது, இவ்வளவுதான் பாடம்.

இதில் மிகவும் கஷ்டமான பாடம், கேட்பதுதானாம்! நாமெல்லாம் காது கொடுத்த அடுத்த நிமிஷமே வாயையும் கொடுத்து விடுகிறவர்கள் அல்லவா? "இதற்கெல்லாம் அழலாமா? எனக்கு வராத கஷ்டமா?" என்று நம் புராணத்தை விரிக்கத் தொடங்குவோம். எதிரே இருப்பவள் கண்ணைத் துடைத்துக் கொண்டு, "ஒன்றுமில்லை அக்கா, தலைவலி" என்று எழுந்து போய் விடுவாள்.

பயிற்சி பெற்றவர் வேறு மாதிரி பேசுவார். ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய், "கொஞ்ச நாளாக நீ சாப்பாட்டு நேரத்தில்கூட எங்களோடு வந்து உட்காருவதில்லையே, அம்மா. எனக்குக் கவலையாயிருக்கிறது. சொல்ல இஷ்டமிருந்தால் சொல், நான் கேட்கிறேன்" என்பார். பிறகு வாயை மூடிக் கொள்வார். மௌனம் நீண்டாலும் அதை நிரப்ப அவசரப்பட மாட்டார்.

இன்னும் ஒரு விஷயம், படிக்கிறவர்களைத் தூக்கிவாரிப் போடும். எதிரே இருப்பவர் வாழ்க்கையே வெறுத்துப் போனதாகப் பேசினால், "உயிரை விட்டு விடலாமென்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்கச் சொல்லுகிறது இந்த வகுப்பு. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மூட்டி விடுவோமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆனால், அன்போடு கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தவருக்கு, ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் உண்டாகிறது. 'ஆமாம்' என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், உடனே தக்க உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் சத்தியம் வாங்கிக் கொள்ளப் பார்த்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அதற்கு இணங்கக் கூடாது.

இந்த வகுப்பினால் பிரயோஜனம் உண்டா என்று ஆபீஸ்களிலேயே சோதித்தார்கள். கான்பெராவில் இரண்டு பெரிய சர்க்கார் இலாகாக்களில் 301 ஊழியர்களை, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே பயிற்சி. மற்றதற்கு ஐந்து மாதம் கழித்து. முடிவு 2004-ல் வெளியாயிற்று. பயிற்சி பெற்றவர்களுக்கு உதவி செய்யும் தைரியம் கூடியிருந்தது. மனநோய் கண்டவரை ஒதுக்கும் குணம் குறைந்திருந்தது. இவையெல்லாம் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது ஒன்றும் நடந்தது: பயிற்சி பெற்றவர்களின் மனநிலையே முன்னைவிடத் தேறியிருந்தது! பிறருக்குக் கை கொடுக்கக் கற்றுக் கொள்ள வந்தவர்கள், தங்கள் பாரத்தையும் கொஞ்சம் இறக்கி வைத்து விட்டுப் போயிருக்கிறார்கள்.

இனிப்பை மட்டும் பரிமாறினால் போதுமா? உதவி பெற்றவர்கள் அதனால் குணமடைந்தார்களா என்பதற்கு உறுதியான அத்தாட்சி இன்னும் கிடைக்கவில்லை. 2023-ல் பல ஆராய்ச்சிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். என் அபிப்பிராயத்தில், முதலாளிகள் இந்த இடத்தில்தான் தப்பித்துக் கொள்ளப் பார்ப்பார்கள். இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டி, ராத்திரி பதினோரு மணிக்கு டெலிபோனில் உத்தரவும் அனுப்பி விட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் மனநல வகுப்பு நடத்தினால், அது படியை உடைத்து வைத்து விட்டுப் பஞ்சு வாங்கி வைத்த கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட யோசனைகள் மேலதிகாரிகளுக்கும் பயிற்சி வேண்டும் என்கின்றன. அதோடு நில்லாமல், வேலையின் நிலைமைகளையே சீர்திருத்த வேண்டும் என்றும் சொல்லுகின்றன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகத்தில் வருஷந்தோறும் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாவதாக அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இரக்கத்தால் மனம் இளகாதவர்கள் இந்தக் கணக்கையாவது பார்க்கட்டும்!

இது ஆபீஸ் சமாசாரமென்று வீட்டிலிருக்கும் வாசகிகள் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். ஆபீஸில் அடக்கி வைத்ததெல்லாம் சாயங்காலம் வீட்டு வாசலில்தான் இறங்குகிறது. கணவரோ, மகளோ, மருமகளோ செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே உங்களுக்குத் தெரிந்து விடும். "காபி வேண்டுமா?" என்பதற்கு அப்புறம் என்ன கேட்பது என்பதுதான் கேள்வி. கேட்ட பிறகு யாரிடம் அழைத்துப் போவதென்று திகைக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்திய சர்க்கார் 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்ற மனநலத் தொலைபேசி உதவியை ஆரம்பித்தது. நம்பர் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். சிரமப்படுகிறவர்தான் பேச வேண்டுமென்பதில்லை, அவரைப் பற்றிக் கவலைப்படுகிற நீங்களும் பேசலாம்.