முதுகெலும்பில் இறுகும் நார்கள்

தண்ணீர்மலைப் படிகளில் ஏறுகையில் கால்கள் விறைத்துத் தடுமாறினால், பால்மரம் வெட்டிய களைப்பென்றே நாம் எண்ணிவிடுகிறோம். முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்கள் சிலருக்கு மெல்ல எலும்பாக மாறித் தண்டுவடத்தை நெருக்குவதும் அதற்குக் காரணமாகலாம்.

1960ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் சுக்கிமோத்தோ கழுத்தில் கண்டு விளக்கிய இந்நோய் இந்தியரிடையேயும் உண்டு. அது ஓரிடத்தோடு நின்றுவிடுவதன்று. கழுத்து நார் இறுகியோரை ஜப்பானில் முழுமையாகச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டோருக்கு முதுகிலோ இடுப்பிலோ அவ்வாறே இருந்தது. ஆகவே, கழுத்தில் மட்டும் அறுவை செய்தால் கால் தளர்ச்சி நீங்காமற்போகலாம்.

விரல்கள் மரத்தல், பொத்தானிட இயலாமை, நடை தடுமாற்றம் ஆகியவை தோன்றின், கழுத்தை நெட்டி முறிக்க விடாது, உடனே அரசாங்க மருத்துவமனையை நாடுவோமாக. முதுகெலும்பு முழுவதையும் படமெடுத்துப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரைத் தயங்காது கேட்போமாக.