சான்றிதழ் தராத கல்லூரி



'பி பி ராய்' என்று ஆரம்பிக்கும் அந்த வாக்கியம் நம்மில் யாருக்காவது தெரியாமல் இருக்குமா? முதல் வருஷம் லேபில் ஒரு ரெசிஸ்டரைக் கையில் கொடுத்து "இதோட மதிப்பு என்னப்பா?" என்று சார் கேட்பார். உடனே அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்போம். பழுப்பு ஒன்று, கறுப்பு பூஜ்யம், சிவப்புக்கு இரண்டு பூஜ்யம்... ஆக ஆயிரம் ஓம்ஸ் சார்! இப்படிச் சொல்லித் தப்பித்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

இதே நிற வளையங்களை வைத்து, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு சர்க்யூட் போர்டு செய்யக் கற்றுக் கொடுத்த ஓர் இடம் ராஜஸ்தானில் இருக்கிறது. அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்ற கிராமம். வேடிக்கை என்னவென்றால், அதை ஆரம்பித்தவர் பெயரும் ராய்தான். சஞ்சித் 'பங்கர்' ராய்.

இந்த ராய் வசதியான வீட்டுப் பிள்ளை. டூன் பள்ளி, டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி என்று பெரிய இடங்களில் படித்தவர். 1960களின் நடுவில் பீகார் பஞ்சத்தை நேரில் பார்த்தார். அதன் பிறகு பெரிய வேலை எதையும் தேடிப் போகாமல், கிராமத்தில் கிணறு வெட்டும் கூலிகளோடு சேர்ந்து வேலை பார்த்தார். 1972ல் திலோனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் 'பேர்ஃபுட் காலேஜ்', அதாவது வெறுங்கால் கல்லூரி என்று பெயர் பெற்றது.

அங்கே சேர என்ன தகுதி வேண்டும்? ஏழையாக இருக்க வேண்டும், கிராமத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டாவது பெயிலா? பரவாயில்லை. பள்ளிக்கூடமே போகவில்லையா? ரொம்ப நல்லது! பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு சூரிய விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பள்ளி. மழைநீர்த் தொட்டி கட்டுவது, கைப்பம்பு பழுது பார்ப்பது, சூரிய மின்சாரம் என்று கிராமத்துக்குத் தேவையான தொழில்களைக் கிராமத்து ஆட்களே கற்றார்கள். கற்றுக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் அதிகம் படிக்காத கிராமத்து ஆட்கள்தான்.

இதில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது சூரிய மின்சாரப் பயிற்சி. ஆறு மாதம். ராஜஸ்தான் பெண்களோடு நிற்காமல் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கக் கிராமங்களில் இருந்தும் பெண்கள் வந்தார்கள். 2008 முதல் இந்திய வெளியுறவு அமைச்சகம் இவர்களுடைய பயணத்துக்கும் பயிற்சிக்கும் உதவியது. ஒருத்தி பேசும் பாஷை அடுத்தவளுக்குத் தெரியாது. வாத்தியாருக்கோ இந்தியும் ராஜஸ்தானியும்தான் தெரியும். அப்புறம் எப்படிப் பாடம் நடந்தது?

கையைப் பார்த்துத்தான்! வாத்தியார் செய்வதைப் பார்த்து மாணவி செய்ய வேண்டும். தப்பானால் பிரித்து மறுபடியும் செய்ய வேண்டும். பழுப்பு-கறுப்பு-சிவப்பு வளையம் உள்ள ரெசிஸ்டர் போர்டில் எங்கே உட்கார வேண்டும் என்பது படத்தில் அதே நிறத்தில் காட்டப்பட்டிருக்கும். அது ஆயிரம் ஓம்ஸ் என்று தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. சால்டரிங், மல்டிமீட்டர், வயரிங் எல்லாமே இப்படித்தான். சார்ஜ் கண்ட்ரோலர் இல்லாவிட்டால் பேனல் பேட்டரியை அளவுக்கு மீறி சார்ஜ் செய்து கெடுத்துவிடும், விளக்கும் பேட்டரியை ஒட்ட உறிஞ்சிவிடும். நாம் செமஸ்டருக்குப் படிக்கிற இந்த விஷயத்தை அவர்கள் கையால் செய்து புரிந்துகொண்டார்கள்.

சரி, ஏன் பாட்டிமார்? இங்கேதான் நமக்குச் சுருக்கென்று குத்தும். இளைஞனுக்குப் பயிற்சி கொடுத்தால் அவன் முதலில் கேட்பது சர்டிபிகேட். வாங்கிய மறுவாரம் பஸ் ஏறி டவுனுக்குப் போய்விடுவான், கிராமம் பழையபடி இருட்டில் கிடக்கும். பேரன் பேத்தி எடுத்தவள் ஊரை விட்டு எங்கே போவாள்? அதனால்தான் இந்தக் கல்லூரி சான்றிதழே தருவதில்லை என்று ராய் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஊரில் விளக்கு எரிந்தால் அதுதான் சான்றிதழ்!

ஓசியில் கொடுத்தால் எதுவும் நிலைக்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண்ணை அனுப்புவதற்கு முன்பே ஊரில் ஒரு குழு அமைக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் டார்ச் செல்லுக்கும் வீட்டுக்கு வீடு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்த்து, அதை ஒட்டி ஒரு தொகையை விளக்குக்குக் கட்ட ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பணத்தில் இருந்துதான் திரும்பி வரும் பெண்ணுக்குச் சம்பளம். பழுது பார்க்க ஊரிலேயே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பும் வேண்டும்.

எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2012ல் வந்த 'சோலார் மாமாஸ்' என்ற ஆவணப்படம் ஜோர்டான் பாலைவனத்தில் இருந்து திலோனியாவுக்கு வந்த ஒரு தாயைப் பற்றியது. நான்கு பெண் குழந்தைகள். பயிற்சி பாதியில் இருக்கும்போது, "திரும்பி வராவிட்டால் விவாகரத்து, குழந்தைகளையும் எடுத்துக்கொள்வேன்" என்று கணவன் மிரட்டுகிறான். அவள் ஊருக்குப் போகிறாள். ஆனால் மறுபடியும் திலோனியாவுக்கு வந்து படிப்பை முடிக்கிறாள். சால்டரிங் அயர்னைப் பிடிக்க அவள் கொடுத்த விலையை நினைத்தால், லேபுக்குக் கட் அடிக்கிற நமக்கு வெட்கமாக இருக்காதா?

அப்படியானால் நம் மூன்று வருஷப் படிப்பு வீணா? நிச்சயமாக இல்லை. அந்தப் பாட்டி கற்ற போர்டை அவள் பழுது பார்ப்பாள். வேறு பேனல், வேறு பேட்டரி வந்தால் போர்டை மாற்றி வடிவமைக்கத் தியரி தெரிந்தவன் வேண்டும். நிறத்தை வைத்தே கற்றுக்கொள்ளும்படி பாடத்தை எளிதாக்கவும் விஷயம் தெரிந்த ஒருவன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்த ஒருவன் நம்மில் ஒருவனாக ஏன் இருக்கக்கூடாது?

இது நமக்குப் புதிதும் இல்லை. 1978-79லேயே மத்திய அரசு 36 பாலிடெக்னிக்குகளில் 'கம்யூனிட்டி பாலிடெக்னிக்' திட்டத்தைத் தொடங்கியது. 2009ல் அது புதுப்பிக்கப்பட்டபோது வயது வரம்பு, படிப்புத் தகுதி, கட்டணம் எதுவும் இல்லாமல் சுற்றுவட்டார ஏழைகளுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சி என்று விதித்தார்கள். அதாவது பாலிடெக்னிக்கின் ஒர்க்‌ஷாப் அட்மிஷன் கார்டு வைத்திருக்கிற நமக்கு மட்டும் சொந்தமில்லை, காம்பவுண்டுக்கு வெளியே நிற்பவருக்கும் அதில் பங்கு உண்டு என்று அன்றே ஒப்புக்கொண்டாயிற்று.

நண்பர்களே, நாளை நாமும் கான்வொகேஷனில் டிப்ளமோவை வாங்கி பிரேம் போட்டு மாட்டுவோம். மாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் நம் தெருவில் பத்தாவதோடு நின்றுபோன தம்பி ஒருவன் இருப்பான். தையல் மெஷின் மோட்டாரை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் நிற்கும் அக்கா ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து, கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்துப் பாருங்கள். நாம் படித்தது நமக்கே அன்றைக்குத்தான் முழுசாகப் புரியும்!