விட்ட படியிலிருந்து

கல்பாக்கத்தில் அணுமின் நிலைய ஊழியர்களின் நகரியமும் கடலோர மீனவர் குப்பங்களும் சற்று உள்ளே தள்ளிய இருளர் குடியிருப்புகளும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், மாதச் சம்பளத்தில் நிலையாக வாழும் வீடுகளும் பருவத்தோடு இடம்பெயரும் வீடுகளும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. பெற்றோருடன் செங்கல் சூளைக்குச் சென்று மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் இருளர் பிள்ளையை, வகுப்பு முழுவதும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் படிக்கும் ஏற்பாடு மெல்ல வெளியே தள்ளிவிடுகிறது.

இதற்கு மாறாக, கற்பவரின் உணர்வையும் ஆர்வத்தையும் தன்மதிப்பையும் பாடத்துக்கு முன்னே வைக்கும் சிந்தனையை உளவியலார் மனிதநேய அணுகுமுறை என்பர். பசியும் அச்சமும் ஓரளவு தணிந்த பின்னரே உயர்ந்த நாட்டங்கள் வலுப்பெறும் என்று ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதினார். சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்திலேயே பிள்ளைகளுக்கு உணவளித்த தமிழகத்துக்கு இது புதிய செய்தியன்று. கார்ல் ரோஜர்ஸ் ஆசிரியரிடம் எதிர்பார்த்தவை மூன்று: பாசாங்கற்ற நேர்மை, குழந்தையை உள்ளபடியே ஏற்றல், அதன் நிலையில் நின்று உணர்தல்.

இக்கருத்துகள் அரசுப் பள்ளியின் அன்றாட நடைமுறையாக உருப்பெற்றதற்குச் சிறந்த சான்று செயல்வழிக் கற்றல். வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் பெற்ற அனுபவத்தையும், மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் வளர்ந்த முறையையும் கொண்டு, எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்த காலத்தில், 2003இல் சென்னையின் 13 பள்ளிகளில் இது தொடங்கியது. 2007-08இல் மாநிலத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, சுவரில் தொங்கும் கற்றல் ஏணியில் வரிசைப்படுத்தப்பட்டது. தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து குழந்தையே எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் ஆசிரியரின் துணையோடும், பிறகு சக மாணவர் துணையோடும், இறுதியில் தனியாகவும் பயிலும். ஆசிரியர் தரையில் பாயில் அமர்ந்தார்; குழந்தைக்கு எட்டும் உயரத்துக்குக் கரும்பலகையும் இறங்கியது. பல மாதம் வராத பிள்ளைகூட விட்ட படியிலிருந்தே ஏறலாம் என்பதே இம்முறையின் ஆழ்ந்த அறம். கொத்தடிமைச் சிறாருக்காகச் சிந்தித்தவர்களுக்கு அதன் தேவை நன்கு விளங்கியிருக்கும்.

ஆயினும் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் கவனிப்பவருக்கு, ஒவ்வொரு குழந்தையின் படியையும் தனித்தனியே பின்தொடர்வது பெருஞ்சுமை. குழந்தையின் விருப்பத்தை மதிக்கும் முறை ஆசிரியரிடம் ஆணையாக வந்து சேர்ந்தபோது, அவருடைய தயக்கத்தைக் கேட்கப் போதிய இடம் இல்லாமற்போனது பெருங்குறையே. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கும்போது, வயதைவிடக் குழந்தை எட்டிய நிலையையே பார்க்க வேண்டும் என்ற அதே எண்ணம் எளிய வடிவில் தொடர்கிறது.

மழைக்கு முன் சூளை வேலை ஓய்ந்து குடும்பங்கள் ஊர் திரும்பும்போது, பள்ளியில் புதிய கல்வியாண்டு தொடங்கிவிட்டிருக்கும். திரும்பிவரும் பிள்ளையின் பெயர் மேல்வகுப்புப் பதிவேட்டுக்கு மாறியிருக்கும். அது சென்ற ஆண்டு எந்த நிலையில் நின்றது என்ற குறிப்பும் உடன் மாற்றப்பட்டிருந்தால்தான் புதிய ஆசிரியரால் அங்கிருந்து தொடங்க முடியும்.