கொசு போடும் சம்பளக் கணக்கு

ஃப்ரிட்ஜின் பின்னால், கீழே ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு இருக்கும். உள்ளே பனி உருகி வடிகிற தண்ணீர் அதில் சேரும். நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருகிற அக்கா முதலில் கேட்பது அதைத்தான். டார்ச் அடித்துப் பார்ப்பார். நூல் துணுக்கு மாதிரி ஏதாவது நெளிந்தால் தட்டை உருவிக் கவிழ்ப்பார். மொட்டைமாடித் தொட்டி, பழைய டயர் எல்லாம் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த வாரம் மறுபடியும் வருவார்.

ஏன் வாரம் ஒருமுறை? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரு நகராட்சியின் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதைக் கொசுதான் எழுதுகிறது.

போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளுக்கு 50 வீடு பார்த்தால் வாரத்தில் ஆறு நாளுக்கு 300 வீடு. 2011 கணக்கெடுப்பில் பூந்தமல்லியில் சுமார் 57,000 பேர். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 14,000 வீடு சொச்சம். 48 ஆட்கள் வேண்டும். சிக்கனம் என்று பத்துப் பேரைக் குறைத்தால், ஒரு வீட்டுக்குத் திரும்பி வர ஒன்பது நாள் ஆகிவிடும். மிச்சமானது பத்துப் பேர் சம்பளம். ஏழு நாளில் வளர்கிற கொசு அதற்குள் பறந்துவிடுவதால், வீணானது மற்ற 38 பேரின் உழைப்பில் ஒரு பங்கு!

இதில் எல்லைத் தகராறு வேறு. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சி ஆனது. 2011 இணைப்பில் சேராமல், இரண்டுக்கும் நடுவே ஊராட்சியாகவே நின்றது அயப்பாக்கம். ஏடிஸ் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் பறக்கும். சோம்பேறிக் கொசு. ஆனால் எல்லையாக இருக்கிற ஒரு தெருவைத் தாண்ட அது போதும்.

சரி, இத்தனை பேருக்குப் பணம்? 1939-ஆம் ஆண்டின் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. கொசு ஒழிப்புக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. அரசு மானியம் போக, நகராட்சி தன் வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அன்றைய மாவட்டப் போர்டுகளுக்கு 12.5 சதவீதம். துணிச்சலான விதிதான். ஆனால் சதவீதம் ஒன்றானாலும் தொகை ஒன்றாகாது. தொழிற்பேட்டை வரி வருகிற ஊரின் 30 வேறு, வீட்டு வரியை நம்பும் ஊரின் 30 வேறு.

ஆட்கள் விஷயத்தில் தமிழ்நாடு கொஞ்சம் சாமர்த்தியம் காட்டியிருக்கிறது. பூந்தமல்லி ஒரு நகராட்சி மட்டுமல்ல, பல ஊர்களைச் சேர்த்த ஒரு சுகாதார மாவட்டத்தின் தலைமையிடமும்கூட. 48 பேரைச் சிறு நகராட்சி வைத்துக்கொள்ளலாம். ஒரு பூச்சியியல் வல்லுநரைத் தனியாக வைத்துக் கட்டுப்படியாகாது. பல ஊருக்கும் பொதுவாக ஒருவர் இருந்தால், நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்பதை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவுகோலால் ஒப்பிடலாம்.

கோடையில் ஆட்களைக் குறைத்தால் என்ன என்று எந்த பட்ஜெட் கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். தண்ணீர் வற்றினாலும் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். கொட்டிய பிறகும் தட்டைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டுத்தான் அந்த அக்கா படி இறங்குகிறார்.