கடல் கொடுத்த ஆங்கிலம்

1896ஆம் ஆண்டு. பிரான்ஸின் பிரிட்டனி கரையோரத் தீவு ஒன்றுக்குத் தேனிலவு வந்த கணவருக்குக் கடும் காய்ச்சல். நினைவு தப்பி அவர் பிதற்றியதெல்லாம் போலிஷ் மொழி. பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்த ஆங்கிலேய மனைவி ஜெஸ்ஸிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இத்தனைக்கும் அந்தக் கணவர் அப்போதே இரண்டு ஆங்கில நாவல்களை வெளியிட்டிருந்தவர். பெயர் ஜோசப் கான்ராட்.

இன்றைய உக்ரைனில் உள்ள பெர்டிச்சிவ் ஊரில், 1857இல், போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கவிஞர், ஷேக்ஸ்பியரைப் போலிஷில் மொழிபெயர்த்தவர். ரஷ்யப் பேரரசை எதிர்த்ததால் குடும்பமே நாடுகடத்தப்பட்டது. பதினொரு வயதில் கான்ராட் தாயும் தந்தையும் இல்லாத பிள்ளை. பதினாறு வயதில் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறினார். பிரெஞ்சு நன்றாக வந்தது. 1878இல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் இறங்கியபோது வயது இருபது. ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது.

அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்கள் மீனவர்களும் மாலுமிகளும்தான். பாடப்புத்தகமாக இருந்தது செய்தித்தாள். அந்த மொழியிலேயே தேர்வெழுதி 1886இல் கப்பல் தலைவருக்கான சான்றிதழ் பெற்றார். இடையில் 1884இல் நம் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்தார். இங்கே ஒரு கப்பலை விட்டிறங்கி, பம்பாய்க்குப் போய் ‘நார்சிஸஸ்’ கப்பலில் சேர்ந்தார். அந்தப் பயணம் பின்னாளில் நாவலானது.

முதல் நாவலான ‘ஆல்மேயர்ஸ் ஃபாலி’யை 1889இல் தொடங்கினார். கையெழுத்துப் பிரதி ஐந்து வருடம் அவருடைய பெட்டியிலேயே ஊர் சுற்றியது. காங்கோ ஆற்றில் தொலைந்துபோகவும் பார்த்தது. ஒருநாள் கப்பலில் வந்த இளம் பயணி ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, இதை எழுதி முடிக்கலாமா என்று கேட்டார். அவசியம் முடிக்கலாம் என்றார் அவர். 1895இல் புத்தகம் வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’, ‘லார்ட் ஜிம்’, ‘நாஸ்ட்ரோமோ’.

எதுவும் சுலபமாக வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தோடும் மல்லுக்கட்டித்தான் எழுதினார். பேச்சிலோ போலந்து வாடை கடைசிவரை போகவில்லை. முதல்முறை கேட்பவர்கள் திணறிப்போவார்கள். நாக்குக்கு வளையாத மொழி, பேனாவுக்கு வளைந்தது.

1924இல் மறைந்தார். கான்டர்பரியில் உள்ள கல்லறையில் கோர்ஸெனியோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். தாய்மொழியைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் ஆங்கிலத்துக்குப் போகவில்லை, இரண்டையும் சுமந்தார். ஒருவருடைய உச்சரிப்பைக் கேட்டு அவருடைய மொழியறிவை இனி யாரும் எடைபோட வேண்டாம்.