கல் கூறும் சாட்சி



தருமபுரி மாவட்டத்துப் பள்ளியொன்றில் நான் பூகோளம் கற்பித்து வந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கல்வெட்டுக் குழியிலிருந்து கரிய கல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். "ஐயா, கண்டங்கள் நகர்ந்தன என்கிறீர்களே, இந்தக் கல் முன்பு எங்கே இருந்தது?" என்று வினவினான். "கல்லுக்கு அது தெரியாதப்பா" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவ்விடை தவறு என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். அந்தக் கடனை இன்று தீர்க்க விரும்புகிறேன்.

கண்டங்கள் யாவும் ஒரு காலத்தில் இணைந்திருந்தன என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெகனர் 1912-ஆம் ஆண்டில் கூறினார். பாஞ்சியா எனப்படும் அப்பெருங்கண்டம் பிளவுறத் தொடங்கி ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கரையோரங்களின் பொருத்தமும் புதைபடிவங்களும் அதற்குச் சான்றாயின. அதற்கும் முன்னே ரொடினியா, கொலம்பியா என்னும் பெருங்கண்டங்கள் இருந்தன என்கின்றனரே, அவற்றை எவ்வாறு அறிந்தனர்? அக்காலக் கரைகள் அழிந்துபோயின. கடலடித் தரையும் எஞ்சவில்லை. மிஞ்சி நிற்கும் சாட்சி கல்லே.

பூமியின் மேலோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை பரந்திருப்பது கவசம் எனப்படும் பகுதி. அது பாறையே; எனினும் உள்வெப்பத்தால் மிக மிக மெதுவாக நகர்கின்றது. அங்கிருந்து எழும் உருகிய குழம்பு மேலோட்டின் வெடிப்புகளிற் புகுந்து உறைவதுண்டு. நம் பக்கத்து வயல்களின் நடுவே கரிய மதில்போல் நீண்டு கிடக்கும் டோலரைட் பாறைகள் அவ்வாறு பிறந்தவை. வாணிகத்தில் இவற்றைக் 'கருப்புக் கிரானைட்' என்பர்.

இக்குழம்பில் மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் உண்டு. சுமார் 580 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிரும்போது, அது அன்றைய பூமியின் காந்தத் திசையை ஏற்றுத் தன்னுள் பதித்துக்கொள்கின்றது. காந்தப்புலம் நடுக்கோட்டருகே கிடையாகவும், துருவத்தருகே செங்குத்தாகவும் இருக்கும். ஆகவே, கல்லில் பதிந்த சாய்வை அளந்தால் அது பிறந்த இடத்தின் அட்சரேகை கிடைக்கும். யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு அதன் வயதைக் கணிப்பர். பெங்களூரைச் சுற்றியுள்ள இத்தகைய பாறைகள் சில, ஏறத்தாழ 237 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றின் காந்தம் செங்குத்தை நெருங்கி நிற்கின்றது. இன்று வெயிலில் காயும் இந்நிலம் அன்று துருவத்தை அடுத்திருந்தது!

இரு கண்டங்களின் ஒத்த வயதுடைய பாறைகள் நெடுங்காலம் ஒத்த பாதையைக் காட்டினால், அவை சேர்ந்தே பயணம் செய்தன என்று கொள்ளலாம். தீர்க்கரேகையைக் காந்தம் உரைக்காது. அக்குறையை நீக்க, பாறை மதில்களின் வயது வரிசையையும் பழைய மலைத்தொடர்களையும் பொருத்திப் பார்ப்பர்.

இனி, கண்டங்கள் ஏன் பிளவுறுகின்றன? பெருங்கண்டம் போர்வைபோல் மூடிக் கிடப்பதால் கீழுள்ள கவசம் வெப்பமேறி மேலெழுந்து அதைப் பிளக்க உதவுகின்றது என்பர் அறிஞர் பலர். திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரில், கவசத்திலிருந்து எழுந்த கார்பனடைட் என்னும் அரிய பாறை உண்டு. அதன் வயது ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகள். ரொடினியா சிதறிய காலமும் ஏறக்குறைய அதுவே அன்றோ?

மீண்டும் அந்த மாணவனின் கல்லுக்கு வருவோம். ஆராய்வோர், பாறையை அதன் இடத்திலேயே வைத்து வடதிசையையும் சாய்வையும் குறித்த பின்னரே துண்டெடுப்பர். பெயர்த்த கல்லின் உள்ளே காந்தம் இருக்கும். அது எத்திசை நோக்கியிருந்தது என்பதை எவரும் சொல்ல இயலாது. நம் கரும்பாறைகள் கல்லறைக் கற்களாகவும் தளக் கற்களாகவும் அயல்நாடு செல்கின்றன. கல் வெட்டுவோரின் பிழைப்பை நான் குறை கூறவில்லை. ஆயினும், ஒரு மதில் முற்றிலும் அறுபடுமுன் அதன் சாட்சியைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.

உங்கள் ஊர்ப் பாறை எங்கே நிற்கின்றது, எத்திசையில் நீள்கின்றது என்று ஒரு படம் வரைந்து வையுங்கள். நாளை உங்களுள் ஒருவர் அதை அளக்க வரலாம்.