இசிஜியில் சிக்காத படபடப்பு

விடியற்காலை இரண்டே முக்கால் மணி. "என்னங்க, எழுந்திரிங்க" என்று என் மனைவி தோளைப் பிடித்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அவள் கை, தாடை, முழங்கால் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. காய்ச்சல் இல்லை. கழுத்தோரத்தில் நாடி துடிப்பது கட்டிலின் இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. "நெஞ்சு ஓடுது" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

தூங்கிக்கொண்டிருந்த மகனை அம்மாவிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். பாதி வழியில், சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது, "நின்னுடுச்சு" என்றாள். அவசரப் பிரிவில் இசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த எட்டு மாதத்தில் இன்னும் இரண்டு முறை இதே கதை. மூன்றாவது முறை பணியில் இருந்த மருத்துவர் இசிஜி தாளைப் பார்த்துவிட்டு, வேலையில் மன அழுத்தமா என்று கேட்டார். அவள் வேலை பார்ப்பது கணக்குத் தணிக்கை நிறுவனத்தில். அது மார்ச் மாதம். மன அழுத்தம் இல்லாமலா இருக்கும்? "ஆமாம்" என்றாள். விசாரணை அதோடு முடிந்தது.

அந்த மருத்துவர் மேல் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். "நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்க, அதான் வருது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. அம்மா தன் பங்குக்கு உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றிப் போட்டார். நான் சிரித்தேன். இப்போது யோசித்தால், மருமகளுக்கு ஏதோ நடக்கிறது என்று அம்மாவாவது நம்பினார்.

கொஞ்ச நாளில் வீட்டில் அந்தப் பேச்சே இல்லாமல் போனது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் மாலை அவளுடைய தோழி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். என் மனைவி கூட்டரசு நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் காரை நிறுத்திவிட்டு, பின் இருக்கையில் மகனை வைத்துக்கொண்டு, அந்தத் தோழியைத்தான் உதவிக்கு அழைத்திருக்கிறாள். என்னை அல்ல. அன்றிரவு ஏன் என்று கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா நினைக்காதேன்னு சொல்வீங்க. அந்த நேரத்துல அதைக் கேட்க முடியலங்க" என்றாள். நான் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த காலத்தில் அவளுக்கு 14 முறை வந்திருக்கிறது.

பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் இசிஜி. வழக்கமான இசிஜி, இதயத்தின் மின்னோட்டத்தைச் சுமார் 10 விநாடிகளுக்கு மட்டுமே பதிவு செய்கிறது. அந்தப் பத்து விநாடியில் படபடப்பு இல்லையென்றால், தாளில் எதுவுமே தெரியாமல் போகலாம். இந்தச் சிக்கல் பழையது. அமெரிக்காவின் மோண்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்ய 1940களின் இறுதியில் ஒரு கருவி செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ! இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் 'ஹோல்டர்' கருவி சட்டைக்குள் அடங்கிவிடும். 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும்.

நடுக்கமும் படபடப்பும் சேர்ந்து வரக் காரணங்கள் பல. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் வரும். கூடவே உடல் மெலியும், வெக்கை தாங்காது, வியர்க்கும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இன்சுலினோ சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கும்போது இதே நடுக்கம் வரும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் அந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம். ஆஸ்துமாவுக்கு அடிக்கும் நீல நிற பம்ப் கையை நடுங்க வைக்கும். இரத்த சோகையும் ஒரு காரணம். நம் பெண்கள் பலர் அதைச் சோர்வு என்று தள்ளிவிடுகிறார்கள். கோப்பியைச் சொல்லவே வேண்டாம். காலையில் ஒன்று, அலுவலகத்தில் இரண்டு, மாலையில் தே தாரிக். யாரும் கணக்கு வைப்பதில்லை. அட்ரினல் சுரப்பியில் வரும் ஒரு அபூர்வமான கட்டியும் படபடப்பு, வியர்வை, தலைவலி, இரத்தக் கொதிப்பைக் கொண்டுவரும். இணையத்தில் தேடினால் இதுதான் முதலில் கண்ணில் படும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்களுக்கு முக்கியமாக இருந்தவை வேறு இரண்டு. ஒன்று, 'பேனிக் அட்டாக்' என்னும் பீதித் தாக்கம். ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடல் அட்ரினலினைக் கொட்டும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும். மற்றொன்று 'எஸ்விடி'. இதயத்துக்குள் மின்னோட்டம் ஒரு குறுக்கு வழியில் புகுந்து சுற்றிச் சுற்றி ஓடுவது. துடிப்பு திடீரென்று நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை தாவும். விசையைத் தட்டியதுபோல் தொடங்கும், தட்டியதுபோல் நிற்கும். கழுத்தில் துடிப்பு தெரியும். நின்ற பிறகு சிலருக்கு அடிக்கடி சிறுநீர் போகும். இதயம் அப்படி ஓடும்போது யாருக்கும் பயம் வரும், கை நடுங்கும். அதனால் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

1997-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, எஸ்விடி என்று உறுதியான 107 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பீதிக் கோளாறின் வரையறைக்கும் பொருந்தின. பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் பரிசோதனையில் எஸ்விடி கண்டுபிடிக்கப்படவே இல்லை. 'பதற்றம்தான்' என்று சொல்லப்பட்டது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி அடுப்பங்கரையில் இருந்தாள். எழுந்து போய்ச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்காகப் பீதித் தாக்கம் பொய் என்று ஆகிவிடாது. அதுவும் உடலில் உண்மையாகவே நடப்பது. பேச்சுவழி சிகிச்சைக்கும் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படுவது. "மனசுலதான்" என்று நாம் சொல்லும்போது "ஒன்றுமில்லை" என்றுதான் பொருள் கொள்கிறோம். கேடு அங்கேதான்.

எங்கள் பகுதி அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போனோம். கட்டணம் ஒரு ரிங்கிட். காத்திருந்தது மூன்று மணி நேரம். அங்கிருந்த இளம் மருத்துவர், அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். எப்படித் தொடங்குகிறது, எப்படி நிற்கிறது? பிறகு, அந்தத் துடிப்பை மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொன்னார். மனைவி தட்டினாள். வேகமாக, ஒரே சீராக, இடைவெளியே இல்லாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அப்போதுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன்.

தைராய்டு, இரத்த சோகை, சர்க்கரை மூன்றும் சரியாக இருந்தன. ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொன்னார் மருத்துவர். நேரம், என்ன செய்துகொண்டிருந்தாள், என்ன குடித்தாள், நாடி எவ்வளவு, எத்தனை நிமிடம், தொடக்கமும் முடிவும் எப்படி. நாடி பார்க்க அம்மாவின் இரத்த அழுத்தக் கருவி கைகொடுத்தது. முதல் முறை அது பிழை என்று காட்டியது. இரண்டாவது முறை 184.

நான்கு மாதத்தில் 11 முறை எழுதினோம். மருத்துவர் பக்கங்களைப் புரட்டி இரண்டு வகையாகப் பிரித்தார். நான்கு முறை திடீரென்று தொடங்கி, 170-ஐத் தாண்டி, திடீரென்று நின்றிருக்கிறது. மற்ற ஏழும் மெல்ல ஏறி, 120 பக்கம் நின்று, மெல்ல இறங்கியவை. முதல் வகைக்கு எஸ்விடி என்று சந்தேகம். இரண்டாவது வகை, முதல் வகை வந்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம் என்றார். இரண்டும் உண்மைதான் என்று அவர் சொன்னபோது மனைவி அழுதுவிட்டாள்.

கதை இன்னும் முடியவில்லை. ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டு இருந்தாள். அன்றைக்கென்று பார்த்து எதுவும் வரவில்லை! அதிக நாள் பதிவு செய்யும் கருவிக்காக இதயப் பிரிவில் காத்திருக்கிறோம். எஸ்விடி என்று உறுதியானால், அந்தக் குறுக்கு வழியைக் கதீட்டர் குழாய் மூலம் சுட்டு அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. அதுவரைக்கும் மூச்சை அடக்கி முக்கி ஊதி, உடனே படுத்துக் காலை உயர்த்தும் ஒரு முறையை மருத்துவர் நேரில் செய்து காட்டிக் கற்றுக்கொடுத்தார். 2015-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இப்படிச் செய்த நூறு பேரில் 43 பேருக்குத் துடிப்பு ஒரு நிமிடத்தில் சீரானது. காலை உயர்த்தாமல் ஊத மட்டும் செய்தவர்களில் 17 பேருக்குத்தான். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ, படபடப்பு நிற்காமல் நீடித்தாலோ 999-ஐ அழைத்துவிடுங்கள். ஓடும்போதோ உடற்பயிற்சியின்போதோ வருகிறதென்றால், அல்லது குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு நாள் இரவு. "என்னங்க" என்றாள். எழுந்து நோட்டை எடுத்தேன். அம்மா ஒரு கையில் கருவியோடும் மறு கையில் உப்பு மிளகாயோடும் அறை வாசலில் நின்றார். மணி 3.10. கருவி 118 காட்டியது.

"ரெண்டாவது வகை, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு மூச்சை மெதுவாக இழுத்து விடத் தொடங்கினாள். இருபது நிமிடத்தில், எனக்கு முன்பே தூங்கிவிட்டாள்.